குட்டையா, கடலடி ஊற்றா? உயிர் தொடங்கிய நீரைத் தேடி ஓர் ஒப்பீடு

இரண்டு அமினோ அமிலங்கள் பிணைந்து புரதச் சங்கிலியின் முதல் கண்ணி உருவாக வேண்டுமானால், அவற்றின் இடையிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியாக வேண்டும். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழையில் ஒவ்வோர் அலகு சேரும்போதும் இதே விதிதான். சுற்றிலும் நீரே நிறைந்திருக்கும் இடத்தில் இந்த வினை பின்னோக்கிச் செல்லவே முற்படும். பிணைந்தவையும் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, அதாவது நீரால் பிணைப்பு அறுபட்டு, மெல்லப் பிரியும். நீரில்தான் உயிர் தோன்றியது என்று பள்ளி நாள் முதல் சொல்லி வருகிறோம். அந்த நீரே உயிரின் மூலக்கூறுகளை அறுக்கவும் செய்கிறது என்பதை மனத்தில் கொண்டால்தான், 'எந்த நீரில்?' என்ற கேள்வியின் கனம் விளங்கும்.

நீரை விட்டுவிடவும் வழியில்லை. 104.5 டிகிரி கோணத்தில் வளைந்த அதன் மூலக்கூறு உப்புகளைப் பிரித்துக் கரைக்கிறது. நீரோடு ஒட்டாத கொழுப்பு அமிலங்களை ஒன்றுசேரத் தள்ளி, நுண்குமிழிகளாகச் சுருட்டுகிறது. செல்லின் முதல் சவ்வு இப்படித்தான் உருவாகியிருக்கும் என்று கருதுவோர் பலர்.

முதல் போட்டியாளர், நிலத்தின் மேலுள்ள வெதுவெதுப்பான குட்டை. சார்லஸ் டார்வின் 1871இல் தம் நண்பரும் தாவரவியலாளருமான ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே இதைக் குறிப்பிட்டார். இன்று டேவிட் டீமர், புரூஸ் டேமர் ஆகிய ஆய்வாளர்கள் எரிமலைப் பகுதி வெந்நீர்க் குட்டைகளை முன்வைத்து இதை வளர்த்திருக்கிறார்கள். குட்டையின் பலம் அது வற்றும் என்பதே. ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியை வறண்ட ஆண்டுகளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நீர் குறையக் குறைய, பரந்து கிடந்ததெல்லாம் கடைசிச் சேற்றுக் குழியில் செறிந்துவிடும். காயும்போது நீர் மூலக்கூறுகள் வெளியேறுவதால் சங்கிலிகள் பிணைகின்றன. மீண்டும் நனையும்போது கொழுப்புக் குமிழிகள் அவற்றை உள்ளே பொதிந்துகொள்கின்றன. மேத்யூ பவுனர், பியாட்ரிஸ் கெர்லண்ட், ஜான் சதர்லண்ட் மூவரும் 2009இல் எளிய மூலக்கூறுகளிலிருந்து ஆர்.என்.ஏ.யின் இரண்டு அலகுகளை உருவாக்கிக் காட்டினார்கள். அவ்வினையில் பாஸ்பேட் துணை நின்றது. புறஊதா ஒளி வேண்டாத விளைபொருள்களை அழித்தது. அந்த ஒளி கடலாழத்தை எட்டாது. ஆனால் ஓசோன் படலம் இல்லாத அன்றைய பூமியில் அதே ஒளி விளைந்ததையும் சிதைத்திருக்கக்கூடும் என்பது குட்டையின் பலவீனம். அக்காலத்தில் கடலுக்கு மேல் தலைகாட்டிய நிலம் குறைவாக இருந்திருக்கலாம் என்பது மற்றொன்று.

இரண்டாவது போட்டியாளரான கடலடி ஊற்றில் இரு வகை உண்டு. 1979இல் கிழக்குப் பசிபிக்கில் கண்டறியப்பட்ட கரும்புகை ஊற்றுகளில் நீர் 350 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் உலைநீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது; கடலடியிலோ பேரழுத்தத்தால் 350 டிகிரியிலும் நீராகவே நிற்கிறது. அந்த வெப்பத்தில் அமினோ அமிலங்கள் நெடுநேரம் தாங்கமாட்டா. ஆகவே இந்த வகையை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

மற்ற வகையை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் 'லாஸ்ட் சிட்டி' என்ற ஊற்றுத் தொகுதி கண்டறியப்பட்டது. அங்கே 60 மீட்டர் வரை உயர்ந்த வெண்ணிறக் கார்பனேட் கோபுரங்கள் நிற்கின்றன. நீரின் வெப்பம் 40 முதல் 90 டிகிரி, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 9 முதல் 11. ஒலிவின் கனிமம் மிகுந்த பாறை நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் என்ற கனிமமாக மாறும்போது, ஹைட்ரஜன் வாயுவும் காரத்தன்மையும் பிறக்கின்றன. ஒலிவின் பாறை சேலத்துக்காரர்களுக்கு அந்நியமானதன்று. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. அதன் அடிவாரத்தில் நாம் வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கும் மேக்னசைட்டோ, டூனைட் என்னும் ஒலிவின் பாறையோடு கார்பன் டைஆக்சைடு கலந்த நீர் வினைபுரிந்து விளைந்தது. இங்கே உயிர் தோன்றியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாறையும் நீரும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய வேதிமாற்றம் நிகழும் என்பதை என் மாணவர்களுக்குக் காட்ட, அந்தச் சுரங்கத்தின் வெண்ணரம்புகளைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

காரநீர் ஊற்றின் பெரும்பலம் ஆற்றல். இன்றைய செல்கள் சவ்வின் இருபுறமும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) செறிவில் வேறுபாட்டை ஏற்படுத்தி, அதைக் கொண்டு ஆற்றல் ஈட்டுகின்றன. கார்பன் டைஆக்சைடு கரைந்து சற்றே அமிலமாக இருந்த அன்றைய கடலுக்கும் ஊற்றின் காரநீருக்கும் இடையே மெல்லிய கனிமச் சுவர் இருந்தால், அந்த வேறுபாடு இயற்கையாகவே அமைந்துவிடும். நிலவியலாளர் மைக்கேல் ரஸ்ஸல் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தின் அழகில் நான் பலமுறை மயங்கியிருக்கிறேன்.

ஆயினும் என் தீர்ப்பு குட்டையின் பக்கமே சாய்கிறது. கடலடி ஒருபோதும் காயாது; பாறைத் துளைகளில் சிறிது செறிவு கூடினாலும், ஒவ்வொரு பிணைப்பிலும் நீரை வெளியேற்றும் தேவை அப்படியே நிற்கிறது. கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் கொழுப்புக் குமிழிகளைக் குலைக்கும் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும், 2019இல் லண்டன் ஆய்வாளர்கள் பலவகைக் கொழுப்பு மூலக்கூறுகளைக் கலந்து, உப்பு நிறைந்த காரநீரிலும் குமிழிகளை உருவாக்கித் தக்க விடை தந்தார்கள். செல்லுக்குள் சோடியத்தைவிடப் பொட்டாசியம் மிகுந்திருப்பதும் கடலைவிட நிலத்து வெந்நீர் ஊற்றுகளுக்கே பொருந்துகிறது என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் துணைச் சான்றாக மட்டுமே கொள்கிறேன். பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மாதிரியில், உவர்நீர் வற்றியதால் படிந்த சோடியம் கார்பனேட், பாஸ்பேட் உப்புகளும் அமினோ அமிலங்களும் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். நீர் வற்றிச் செறிவது பூமிக்கு வெளியிலும் நடந்திருக்கிறது.

குட்டை தரப்பினர் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று மட்டும் என்னை விடாமல் தொடர்கிறது. உயிர் சேற்றில்தான் பிறந்தது என்றால், அமிலக் கடலும் காரநீரும் சந்திக்கும் எல்லையை நினைவூட்டும் அந்தப் புரோட்டான் வேறுபாடு, பாக்டீரியா முதல் நம் உடல் வரை ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் எப்படி வந்து அமைந்தது?