ஒரு நன்றிக் குறிப்பேடும் அதன் 12 அட்டைகளும்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

புத்தகக் கண்காட்சியின் கடைசி வரிசையில், எழுதுபொருள் விற்கும் சிறிய அரங்கு ஒன்றில், 420 ரூபாய்க்கு இந்தக் குறிப்பேட்டை வாங்கினேன். தயாரித்தவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் வேறு பலரும் விற்கிறார்கள் என்பதால், நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

நாளுக்கு ஒரு பக்கம் வீதம் 90 பக்கங்கள். பக்கத்தின் மேற்பாதியில் மூன்று கோடுகள்; அவற்றின் தலைப்பில் ‘இன்று நான் எதற்கெல்லாம் நன்றியுடன் இருக்கிறேன்?’ என்ற கேள்வி. கீழ்ப்பாதியில் அன்றைக்கு நாம் பிறருக்குச் செய்ய வேண்டிய ஒரு சிறு நற்செயலும், அதைச் செய்துவிட்டால் ‘டிக்’ அடிக்க ஒரு கட்டமும். கடைசியில் கிழித்தெடுத்து யாருக்காவது கொடுக்கும் வகையில் 12 நன்றி அட்டைகள். கெட்டி அட்டை, நூல் தையல், இடையில் ஒரு நாடா என்று கட்டுமானத்தில் குறையில்லை. தாள்தான் மெல்லியது, மைப்பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறித் தெரிகிறது. பால்பாயிண்ட் பேனாக்காரர்களுக்குக் கவலையில்லை.

முதல் சிக்கல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ‘நன்றியுடன் இருப்பது’ என்பது வேறொரு மொழியில் யோசித்துத் தமிழில் எழுதிய வாசகம். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது, நம் மனத்தின் இதமான நிலையை அன்று. செய்தவர் ஒருவர் இருக்கிறார், செய்யப்பட்டது ஒன்று இருக்கிறது. அதை அறிவதும் மறவாதிருப்பதும் நம் வேலை. இந்த நுணுக்கம் தேவையற்ற புலமை என்று தோன்றலாம். ஆனால், முதல் இரண்டு வாரங்களில் நான் எழுதியவற்றைத் திருப்பிப் பார்த்தபோது ‘மழை பெய்தது’, ‘மின்சாரம் போகவில்லை’, ‘காபி நன்றாக அமைந்தது’ என்றே பக்கங்கள் நிறைந்திருந்தன. ஒரு மனிதரைக்கூடக் காணோம். அந்தக் காபியைப் போட்டவர்கூட அதில் இல்லை.

மூன்றாம் வாரம் அச்சிட்ட கேள்வியை அடித்துவிட்டு, ‘இன்று எனக்கு யார், என்ன செய்தார்?’ என்று மேலே எழுதிக்கொண்டேன். அதன் பிறகு மூன்று கோடுகள் போதவில்லை. நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துப் பேருந்தைச் சற்று நிறுத்திவைத்த ஓட்டுநர், மழை தூறியதும் எங்கள் மொட்டைமாடித் துணியையும் சேர்த்து எடுத்துவைத்த எதிர்வீட்டம்மா, ‘முழு அட்டை எதற்கு, ஐந்து மாத்திரை போதும்’ என்று வெட்டிக் கொடுத்த மருந்துக்கடைப் பையன் என்று பட்டியல் நீண்டது.

பின்னட்டையில் ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அடிப்படை இல்லாமல் இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து விஷயங்கள் வரை, 10 வாரங்களுக்கு நன்றிக் குறிப்பு எழுதியவர்கள், எரிச்சல்களைக் குறித்துவைத்தவர்களைவிடத் தங்கள் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். ஆனால் உளவியலாளர் சோன்யா லுபமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரையைப் படித்தால், இந்தக் குறிப்பேட்டின் அமைப்பே கேள்விக்குள்ளாகிறது. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. நற்செயல்களிலும், ஐந்தை ஒரே நாளில் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுவதும் பரப்பிச் செய்தவர்களுக்குக் கூடவில்லை. இரண்டிலும் நேர்மாறான வழியையே இக்குறிப்பேடு தேர்ந்துகொண்டிருக்கிறது. என் அனுபவமும் அதுவே: 40ஆம் நாள் வாக்கில் எழுதுவது பல் துலக்குவதைப் போலாகிவிட்டது. பின்னர் ஞாயிறுதோறும் மட்டும் எழுதினேன். அப்போதுதான் யோசித்து எழுத முடிந்தது.

நற்செயல் பட்டியல் இதன் பலவீனமான பகுதி. ‘முன்பின் தெரியாத ஒருவரின் காபிக்குப் பணம் செலுத்துங்கள்’ என்று ஒரு நாள் பணிக்கிறது. எங்கள் தெருமுனை டீக்கடையில் முயன்றேன். பக்கத்தில் நின்றவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததும், அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் கட்சி சார்?” என்று கேட்டார். 2022இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிகாகோவின் பனிச்சறுக்குத் திடலில் தங்களுக்குக் கிடைத்த சூடான சாக்லேட் பானத்தை அறியாதவர்களுக்குக் கொடுத்தவர்கள், பெற்றவர் அடைந்த மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள் என்று தெரியவந்தது. அங்கே சரி, தேர்தல் நெருங்கும் வேளையில் எங்கள் தெருமுனையில் அப்படியல்ல. நம் ஊரில் தெரியாதவருக்கு நல்லது செய்வதற்கு வேறு வடிவங்கள் உண்டு: சித்திரை வெயிலில் வாசலில் வைக்கும் தண்ணீர்ப் பானை, நீர்மோர்ப் பந்தல், ‘சைடு ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு’ என்று பின்னாலிருந்து கத்திவிட்டு, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் கடந்துபோய்விடும் இருசக்கர வாகனக்காரர். இவற்றில் ஒன்றுக்கும் இந்தப் பட்டியலில் கட்டமில்லை.

கொடுத்த விலைக்கு ஈடு அந்த 12 அட்டைகள்தான். முதல் அட்டையை வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுபவருக்குக் கொடுத்தேன். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு நான்கு ஆண்டுகளாகக் கேனைத் தோளில் தூக்கி வருகிறார். அட்டையை வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது. “என்ன சார், கணக்கு முடிக்கிறீங்களா? வேற ஆளு பாத்துட்டீங்களா?” என்றார். எழுத்தில் வருவதெல்லாம் அவருக்கு ஏதோ ஒன்று முடிவதன் அறிவிப்பாகவே இதுவரை வந்திருக்கிறது போலும். “மூணு மாடி ஏறி வர்றீங்க, ஒருநாளும் முகம் சுளிச்சதில்ல, அதைத்தான் எழுதியிருக்கேன்” என்று வாயால் சொன்ன பிறகே அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார். “சரி சார், அடுத்த கேன் வியாழக்கிழமைதானே?” என்று கேட்டுவிட்டு இறங்கினார். அன்று முதல் காலிக் கேனை நானே கீழே கொண்டுபோய் மாடிப்படியடியில் வைத்துவிடுகிறேன்.

பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியைக்கு எழுதிய அட்டை, 11 நாட்கள் மேசையிலேயே கிடந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து இதென்ன நாடகம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். மேலே சொன்ன குமாரும் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றியதுதான்: நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகையாகவும், அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணிக்கிறார்கள். அனுப்பினேன். தொலைபேசியில் அழைத்தவர், இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருப்பதை முதலில் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் மற்றதற்கு வந்தார். அந்த மற்றது 40 நிமிடம் நீண்டது.

என் தாயாருக்கு அட்டை கொடுக்கவில்லை. ‘என்னடா அந்நியம் மாதிரி’ என்பார். அந்த வருத்தத்தை 420 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவருக்கு மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நிரப்பிவைக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், எழுதும் பழக்கமே இல்லாதவர்கள் தொடங்குவதற்கு வாங்கலாம். கேள்வியை மட்டும் முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நாட்குறிப்பு எழுதுபவர்களுக்குச் சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். அட்டைகளை மட்டும் தனியாக விற்பார்களா என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டேன், இல்லை என்றார்கள். என் 12 அட்டைகளும் தீர்ந்துவிட்டன. அஞ்சல் நிலையத்தில் அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். 20 வாங்கி வைத்திருக்கிறேன்.