மறைக்கத் தெரிந்த செயலி: தோரியஸ் சாலமாண்டர்களுக்கு நாதுரலிஸ்டா

ஐநேச்சுரலிஸ்ட் என்ற உலகளாவிய உயிரினப் பதிவுத் தளத்தின் மெக்சிகோ வடிவமே நாதுரலிஸ்டா; இப்போது அது ஐநேச்சுரலிஸ்ட்-எம்எக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அந்நாட்டின் பல்லுயிர் ஆணையமான கொனாபியோ இதை 2013இல் தொடங்கிவைத்தது. பறவை, பட்டாம்பூச்சி பார்ப்பவர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். மேகக்காடுகளில் வாழும் தோரியஸ் பேரினத்துச் சாலமாண்டர்களை, அதாவது பல்லி போன்ற உருவமுள்ள நீர்நிலவாழிகளை, பதிவதற்கு இது எவ்வளவு தகும் என்பதை மட்டுமே நான் இங்கே எடைபோடுகிறேன்.

வெராக்ரூஸ், புவேப்லா, குவெர்ரெரோ, வஹாக்கா மாநிலங்களின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. வாலை விட்டுவிட்டு அளந்தால், சில இனங்களில் முழுதாக வளர்ந்த உயிரிகூட 2 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. நுரையீரல் கிடையாது; ஈரத்தோலின் வழியாகவே மூச்சு நடக்கிறது. ஆகவே மரத்தை வெட்டி நிழல் போய், மட்கும் கட்டைகளும் பாசியும் காய்ந்துவிட்டால், அங்கே இவற்றுக்கு வாழ்வில்லை. இப்பேரினத்தின் பல இனங்கள் ‘மிக அருகிவிட்டவை’ என்ற பட்டியலில் இருக்கின்றன. 1869இல் அமெரிக்க விலங்கியலாளர் கோப் பெயரிட்ட தோரியஸ் பென்னாட்டுலஸும் அழியும் ஆபத்தில் இருப்பதே.

இச்செயலியில் நான் மிகவும் மதிப்பது, அது காட்டுவதை அல்ல, மறைப்பதை. அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட இனம் ஒன்றின் படத்தை ஏற்றியதும், உண்மையான இடத்துக்குப் பதிலாக, 0.2 பாகை அகல நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பக்கமுள்ள பரப்புக்குள், எங்கோ ஒரு புள்ளியைத்தான் பிறருக்குக் காட்டுகிறது. ஒரே மலைச்சரிவில் ஒடுங்கிவிட்ட உயிரிக்கு இது சிறிய உதவியன்று. பிடித்து விற்பவர்களைவிட, ஆர்வத்தோடு வந்து கட்டைகளைப் புரட்டிப்போடுபவர்களும், நீர்நிலவாழிகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைக் காலணிச் சேற்றோடு கொண்டுவருபவர்களுமே எனக்குக் கூடுதல் கவலை. அருங்காட்சியகங்களில் பாதுகாத்த பழைய சாலமாண்டர்களின் தோலைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வொன்று, தெற்கு மெக்சிகோவில் 1970களில் அப்பூஞ்சை தென்படத் தொடங்கிய காலமும் சாலமாண்டர்கள் சரிந்த காலமும் ஒத்துப்போவதைக் காட்டியது.

ஆனால் இந்த மறைப்பு இனப்பெயரோடு பிணைந்தது, தோரியஸ் விஷயத்தில் சிக்கலும் அங்கேதான். இவற்றின் இனங்கள் ஒன்றையொன்று அவ்வளவு ஒத்திருப்பதால், நாசித்துளையின் வடிவம், பற்கள், மரபணு என்று பார்த்துத்தான் அறிஞர்களே பிரிக்கிறார்கள். கைப்பேசிப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், மூக்கின் நுனியில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து உதட்டுக்கு இறங்கும் மெல்லிய பள்ளமும் தெரியுமே தவிர, அத்துளை வட்டமா நீள்வட்டமா என்று சொல்ல முடியாது. செயலியின் தானியங்கி அடையாளமும் கைகொடுக்காது, ஏனெனில் போதிய படங்கள் சேர்ந்த இனங்களை மட்டுமே அது கற்றிருக்கிறது. அரியது எதுவோ அதைத்தான் அது அறியாது. இதைச் செயலியின் குறை என்று நான் சொல்லமாட்டேன். பேரினப் பெயரோடு நின்றுவிட்ட பதிவும் நேர்மையான பதிவே. பொருந்தாத இனப்பெயரை வலிந்து ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்படி நின்றுவிட்ட பதிவில் தானியங்கி மறைப்பை நம்பியிருக்கக் கூடாது. ஏற்றும்போதே இருப்பிட அமைப்பில் ‘மறைத்துக் காட்டு’ என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். குறிப்புப் பெட்டியில் ஊர்ப்பெயரையோ சாலையின் கிலோமீட்டர் எண்ணையோ எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பெல்லாம் வீண். படத்தைப் பொறுத்தவரை, முதுகைவிட முகத்தைப் பக்கவாட்டில் எடுத்த ஒன்றே அடையாளம் காண்பவருக்குப் பயன்படும். அதற்காக உயிரியைக் கையில் எடுக்கத் தேவையில்லை, புரட்டிய கட்டையை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வந்தால் போதும்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். பேரின அளவில் நிற்கும் பதிவுகளுக்கும் இடத்தைத் தானாக மறைக்கும் வசதி வந்தால், மீதி ஒன்றையும் தயங்காமல் தருவேன்.