கோர்க்கா மலைக்கு மருத்துவ மிஷன் பயணம்: ஒரு நர்ஸின் அனுபவம்

நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்துக்கு மருத்துவ ஊழியப் பயணம் அழைத்துப்போகும் தமிழ்நாட்டு அமைப்பு ஒன்றோடு போன நவம்பரில் போய்வந்தேன். நாகர்கோவிலில் பிரசவ வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். எங்கள் சபையிலிருந்து இன்னும் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பயண ஏற்பாட்டில் குறை இல்லை. சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். அப்புறம் நாராயண்கட், முக்ளிங் வழியாக மலையேறும் பஸ். முதுகுவலி உள்ளவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை யோசித்துவிட்டுச் சேருங்கள். நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்கள், அது அங்கே 160 நேபாள ரூபாய்.

தங்கியது உள்ளூர் சபையின் மாடியில். இரண்டு வேளையும் பருப்பும் சோறும் கீரையும், கேட்கக் கேட்கப் போட்டார்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மாதல் மேளத்தோடு பாடுகிறார்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின் மையம் இதே மாவட்டத்துப் பார்பாக் கிராமம். அதுவும் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஆவதற்குச் சற்று முன். ஜனங்கள் ஜெபத்தில் இருந்தபோதே சுவர் விழுந்ததைப் போதகர் சொன்னார். இடிந்ததைத் தாங்களே கல் சுமந்து கட்டிய சபை அது.

முகாமில் பிரசங்கமோ கைப்பிரதியோ கூடாது என்று முதல் நாளே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை. நாம் ஊருக்குத் திரும்பிவிடுவோம், போலீஸ் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான். எங்கள் குழுவில் சிலருக்கு இது வருத்தம். எனக்கு அவர் சொன்னதுதான் சரி. நோயோடு வந்து நிற்கிறவரிடம் மருந்துக்கு முன் வேறு எதையும் நீட்டக் கூடாது.

முகாம் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஒரு ஊருக்கு ஒரு நாள். பிபி மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்தோம், அதற்கப்புறம் யார் கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. வந்த பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பை இறக்கம். பிரசவமான சில நாளிலேயே டோக்கோ கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டிக்கொண்டு விறகும் புல்லும் சுமக்கிறவர்கள். ஒரு அக்கா, உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினார். கர்ப்பப்பையைத் தாங்கும் வளையம் பொருத்தியோ அறுவை செய்தோ சரிப்படுத்தக்கூடிய நோய் இது. எங்களிடம் வளையமும் இல்லை, நேபாளத்துப் பரத்பூர் நகர ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பணமும் ஒதுக்கவில்லை. ஆனால் பயணத் திட்டத்தில் பொக்காரா ஏரியில் படகுச் சவாரி இருந்தது! தலைவரிடம் நேரடியாகக் கேட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார். நாங்கள் சிலர் பொக்காராவை விட்டுவிட்டு அந்தக் காசைப் போதகரிடம் கொடுத்தோம். அந்த அக்காவையும் இன்னொருவரையும் அவர் மனைவியே பரத்பூருக்குக் கூட்டிப்போனார்.

பயணத்தில் உருப்படியான வேலை நடந்தது ஒரே ஒரு மதியம். அரசின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சிலர் வந்திருந்தார்கள். 1988 முதல் நடக்கும் திட்டம் அது, நாடு முழுக்கச் சுமார் ஐம்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை எப்படிக் கவனிப்பது, இடுப்புத் தசைப் பயிற்சியை எப்படிச் சொல்லித்தருவது என்று செய்துகாட்டினேன். போதகரின் மகள் நேபாளியில் சொல்லச் சொல்ல, அவர்கள் கேட்ட கேள்விகளில் இருட்டிவிட்டது. நாங்கள் போன பிறகும் அந்த ஊரில் இருக்கப்போவது அவர்கள்தானே. அந்த மதியத்தைத் திட்டத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை, போதகராகவே ஏற்பாடு செய்தது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: முகாமில் பார்த்த நோயாளிகளின் பட்டியல் யாரிடம் இருக்கும்? மேல்சிகிச்சைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? டாக்டருக்கு நேபாள மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு உண்டா? எங்கள் டாக்டருக்கு இருந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். குழந்தைகளைக் கட்டிப்பிடித்து எடுக்கும் போட்டோக்களைக் காட்டி ஆள் சேர்த்தால் யோசியுங்கள்.

அடுத்த குழு வசந்த காலத்தில் கிளம்புகிறது. முகாமுக்கு என்றால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தத் தன்னார்வலர்களோடு ஒரு வாரம் உட்காரலாம் என்றால் இன்றைக்கே பணம் கட்டுகிறேன்.