தகர வீடா, லுண்ட்பியா? இரண்டையும் வைத்திருந்தவள் சொல்கிறேன்

போன மாதம் வீடு மாறினோம். புது ஃபிளாட்டின் அலமாரிமேல் ஒரு பொம்மை வீட்டுக்குத்தான் இடம் இருந்தது, என்னிடம் இருந்ததோ இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் இருந்த நாட்களில் வாங்கிய ஐம்பதுகளின் மார்க்ஸ் தகர வீடு (தாடிக்காரர் இல்லை, நியூயார்க்கில் பொம்மைக் கம்பெனி நடத்திய லூயி மார்க்ஸ்). இன்னொன்று, ஸ்வீடனின் கோத்தன்பர்க் வந்த பிறகு பழைய சாமான் சந்தையில் 600 குரோனாவுக்கு எடுத்த எழுபதுகளின் லுண்ட்பி கம்பெனி மர வீடு. தகர வீட்டைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். இதில் எதை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகவே எழுதுகிறேன்.

பார்த்தவுடன் மயக்குவது தகர வீடுதான், அதில் பேச்சே இல்லை. ஜன்னல் திரை, கம்பளம், சுவர்ப் படம், புத்தக அலமாரி எல்லாமே தகட்டின் மேல் அச்சடித்து வரும், சில வீடுகளில் குழந்தை அறைச் சுவரில் டிஸ்னி பாத்திரங்கள்கூட உண்டு. அந்தக் காலத்தில் தபாலில் சாமான் அனுப்பிய சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடையின் கேட்டலாக் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த சாமான். தகடுகளின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்குகளைத் துளைக்குள் விட்டு மடக்கினால் வீடு நின்றுவிடும். மடக்கி நிமிர்த்தி மறுபடி மடக்கினால் நாக்கு ஒடியும், நான் இரண்டை ஒடித்திருக்கிறேன். துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லுண்ட்பி இந்த ஊர்க்காரன். நாற்பதுகளில் கோத்தன்பர்க்கில் பிறந்தது, பேரே இங்குள்ள ஒரு பகுதியின் பேர்தான், என் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. மரப்பலகை வீடு, உள்ளே அந்தக் காலத்து ஆரஞ்சும் பழுப்புமாகப் பூப்போட்ட சுவர்த்தாள், துணி போர்த்திய சோபா, எரிகிற விளக்கு. வெயில் படுகிற பக்கத்தில் தாள் வெளுக்கும், ஓரத்தில் உரியும், பழைய ஒயர்கள் விறைத்துப்போயிருக்கும். அதுவும் பழசுதானே, நோய்நொடி இல்லாமல் இருக்குமா.

சரி, இப்போது முக்கியமான விஷயம். என்னை லுண்ட்பி பக்கம் தள்ளியது அழகும் இல்லை, துருவும் இல்லை, அளவு. கொலுவில் நாம் இதைப் பார்ப்பதே இல்லை, செட்டியார் பொம்மை பக்கத்துக் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்க மாட்டோம், அதுதான் அதன் அழகே. ஆனால் ஒரு வீட்டை அறை அறையாக அமைக்க உட்கார்ந்தால் இது கழுத்தைப் பிடிக்கும். நிஜத்தில் 72 சென்டிமீட்டர் உயரமுள்ள சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சேகரிக்கும் மினியேச்சர்களில் பரவலாக உள்ள 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, அது 6 சென்டிமீட்டர், 1:16இல் நாலரை, 1:18இல் 4, 1:24இல் 3. இதில் 1:16ம் 1:18ம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் மன்னித்துவிடும். 1:12 மேசை 1:24 வீட்டுக்குள் போனால் சரியாக இரண்டு மடங்கு, மன்னிக்கவே மன்னிக்காது.

மார்க்ஸ் பிளாஸ்டிக் நாற்காலி, கட்டிலெல்லாம் இரண்டு அளவில் வந்தன, சின்ன வீட்டுக்கு 1:24, பெரிய வீட்டுக்கு 1:16. என்னுடையது சின்னது. இது தெரியாமல் ஒரு பெட்டி நிறையக் கலவையாக வாங்கினேன், பாதிக்குமேல் ரென்வால் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் சாமான்கள். ரென்வால் பிரமாதமானது, கதவு திறக்கும், இழுப்பறை வெளியே வரும், ஆனால் 1:16. ஃபிரிட்ஜை வைத்தேன், சுவரில் அச்சடித்த ஜன்னலையே மறைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தகர வீட்டில் சுவரே பாதி சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறது. புத்தக அலமாரி வைத்தால் அச்சடித்த அலமாரியின் முன்னால்தான் வைக்க வேண்டும், கம்பளம் விரித்தால் கம்பளத்தின் மேல் கம்பளம். அமைக்க நமக்கு மிச்சமாக இருப்பது கொஞ்சம்தான்.

லுண்ட்பி நெடுங்காலமாக 1:18 அளவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிக்கி என்ற ஸ்வீடன் கம்பெனியின் கைக்கு மாறிய பிறகும் அதே அளவுதான், அதனால் இன்று கடையில் வாங்கும் சமையலறைச் சாமானை ஐம்பது வருடப் பழைய வீட்டில் கூச்சமில்லாமல் வைக்கலாம். பிரியோ என்ற இன்னொரு ஸ்வீடன் பொம்மைக் கம்பெனியின் பழைய சாமான்களும் பொருந்தும். பிரிட்டனின் பார்ட்டன் சாமான்கள் 1:16, கொஞ்சம் புஷ்டியாகத் தெரிந்தாலும் ஒத்துப்போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: விற்பவர் 'லுண்ட்பி சைஸ்' என்று எழுதியிருந்தாலும் சென்டிமீட்டர் கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்படி எழுதியிருந்ததை நம்பி நான் வாங்கிய சோபா 15 சென்டிமீட்டர் நீளம், 10 இருந்திருக்க வேண்டும், ஹாலில் வைத்தால் ஆள் நடக்க வழியில்லை. இப்போது அதில் எங்கள் ஊசி நூல் டப்பா உட்கார்ந்திருக்கிறது.

விளக்கு விஷயமும் லுண்ட்பிக்குத்தான் சாதகம், ஆனால் ஜாக்கிரதை. நாலு வோல்ட் ஆசாமி அது, பழைய டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்காமல் சுவரில் சொருகாதீர்கள். நான் மூன்று பென்சில் செல் போட்ட பெட்டியில் நாலரை வோல்ட் கொடுத்து எரிக்கிறேன். ஆறு மாதமாக ஒரு பல்பும் போகவில்லை, ஆனால் மாலையில் பத்து நிமிடத்துக்குமேல் எரிப்பதில்லை, அதனால் என் அனுபவத்தைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக கலைடாஸ்கோப் ஹவுஸ் என்ற பொம்மை வீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2001இல் கலைஞர் லாரி சிம்மன்ஸும் கட்டடக் கலைஞர் பீட்டர் வீல்ரைட்டும் சேர்ந்து வடிவமைத்தது, நகர்த்தக்கூடிய வண்ணக் கண்ணாடி மாதிரிச் சுவர்கள். 1:12 என்பதால் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், கையில் தொட்டதில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன்.

திரும்ப விற்றால் எது லாபம் என்று கேட்டால், நான் இதுவரை ஒன்றும் விற்றதில்லை. தகர வீட்டைக்கூடச் சும்மாதான் கொடுத்தேன், அந்த ரென்வால் ஃபிரிட்ஜை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. லுண்ட்பி அடுக்களையில் வைத்துப் பார்த்தேன். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் பெரிசுதான், பரவாயில்லை, கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன்.