அனிமேஷன் பாடம் செய்து தருகிறோம் என்பவர்களுக்குக் காசு அனுப்பும் முன் இதை வாசியுங்கள்

இன்று காலை என் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். 185,000 ரூபா. கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் சட்டத்தரணி. சின்னக் கம்பனிகளில் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்லைனில் தொழிற்சட்டம் படிப்பிக்கிறேன். சட்டப் பிரிவுகளை ஸ்லைடில் போட்டு வாசித்தால் பத்தாவது நிமிஷமே எல்லோருடைய கமராவும் அணைந்துவிடும். அதனால் ஊழியர் சேமலாப நிதி, அதாவது வேலை செய்பவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பு, பற்றிய ஆறு பாடங்களைப் படமாகச் செய்ய நினைத்தேன்.

காலி வீதியோரம் ஒரு மாடியில் சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ. அங்கிருந்த தம்பியிடம் விளங்கப்படுத்தினேன்: ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம் கழியும், 12 சதவீதம் முதலாளி தன் காசில் போட வேண்டும். எத்தனையோ இடங்களில் அந்த 12ஐயும் சம்பளத்திலேயே வெட்டுகிறார்கள். வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அது களவு என்றே தெரியாது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பென்சிலை எடுத்துத் தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு பிள்ளையைக் கீறினார். அவளுடைய பேர்ஸிலிருந்து எட்டுக் காசு, முதலாளியின் சேர்ட் பொக்கெட்டிலிருந்து பன்னிரண்டு, எல்லாம் ஒரே உண்டியலுக்குள். "இப்பிடித்தானே அக்கா?" என்றார்.

1958ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டே நிமிஷத்தில் ஒரு தாளில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளை நம்பித்தான் அன்றே முழுக்காசையும் அனுப்பினேன். ஒப்பந்தம் எழுதவில்லை.

மூன்று கிழமை என்றார்கள். பிறகு "ரெண்டர் ஓடுது அக்கா." பிறகு "ஆர்டிஸ்ட் ஊருக்குப் போயிட்டார்." நேரே போனால் "சேர் மீட்டிங்ல." ஒன்பதாம் கிழமை ஆறுக்குப் பதிலாக இரண்டு வீடியோ வந்தன.

எங்கேயோ ரெடிமேடாக வாங்கிய படங்கள். நீதிபதி சுத்தியலால் மேசையில் தட்டுகிறார். புதுக்கடை நீதிமன்றத்தில் எங்கே கண்டார்கள் அதை? சம்பளம் டொலர்க் கட்டாக வருகிறது. 'சேமலாப' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு எழுத்தைவிட்டுத் தனியே நிற்கிறது. இவ்வளவையும் பொறுத்திருப்பேன். ஆனால் இருபது காசும் அந்தப் பிள்ளையின் பேர்ஸிலிருந்தே போகிறது! முதலாளி சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். எந்தக் களவைத் தடுக்கப் படம் கேட்டேனோ, அந்தக் களவையே சட்டம் என்று காட்டுகிறது. நான் வாயால் சொல்லும் எண்ணை மறந்துவிடுவார்கள். அந்தப் படத்தை மறக்க மாட்டார்கள்.

திருத்தச் சொன்னேன். "அது டெம்ப்ளேட், மாத்த ஏலாது. புதுசாச் செய்யிறதெண்டா வேற காசு." நானே வேறிடத்தில் திருத்த மூலக் கோப்பைக் கேட்டேன், "கம்பனிச் சொத்து" என்றார்கள். காசைக் கேட்டேன். வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது. 185,000 ரூபா, இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்த காசு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. முழுக்காசை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ஸ்டோரிபோர்டில், அதாவது காட்சிகளை வரிசையாகக் கீறிய தாளில், ஒவ்வொரு காட்சியையும் பார்த்து நீங்கள் கையெழுத்து வைத்த பிறகே அனிமேஷன் தொடங்கட்டும். தாளில் இருக்கும் பிழையை அழிறப்பரால் அழிக்கலாம். மூலக் கோப்பு உங்களுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு தமிழ் வரியை எழுத்து உடையாமல் அவர்களுடைய கணினியில் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அதுவும் சாட்சியம்.

இன்னொன்று. அந்த இரண்டு வீடியோவையும் வேறு யாருக்கும் விற்றாலும் விற்பார்கள். தையல் மெஷின், சிரிக்கும் முதலாளி, பிள்ளையின் பேர்ஸிலிருந்து இருபது காசு. அப்படி ஒன்று உங்கள் ஒஃபிஸுக்கு வந்தால் தயவுசெய்து ஒருவருக்கும் போட்டுக் காட்டாதீர்கள்.