பத்து நிமிடம் ஊறவேண்டிய ஷாம்பு

எங்கள் நாய் ஜிம்மி பாதி லேப்ரடார். மீதி என்னவென்று அவனைக் கொடுத்தவர்களுக்கே தெரியாது. எடை 26 கிலோ. நாகர்கோவிலில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தரை காய நேரமிருக்காது. போன ஐப்பசியில் சொறிய ஆரம்பித்தான். ராத்திரி அவன் பின்னங்கால் இரும்புக் கட்டிலில் டக் டக்கென்று இடிக்கிற சத்தத்தில் ஒருவருக்கும் தூக்கமில்லை. அக்குளும் அடிவயிறும் சிவந்து, நக்கி நக்கி விரலிடுக்கு முடியெல்லாம் துரு நிறமாகிவிட்டது. கிட்டே போனால் புளித்த மாவு வாடை.

முதலில் கைவைத்தியம். "நாய்ச் சொறிக்கு வேப்பெண்ணெய் போதும், டாக்டர் எதுக்கு?" என்று அத்தை தடவிவிட்டார். அதில் பாதியை நக்கித் தின்றவன் விடியற்காலையில் வராந்தாவில் வாந்தி எடுத்தான். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு டிராயரில் கிடந்த படர்தாமரைக் களிம்பைப் போட்டார். இதைக் கேட்டதும் கால்நடை டாக்டர் திட்டிய திட்டு இருக்கிறதே! அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், பூஞ்சைத் தொற்றை அது இன்னும் பரவ விடும், நக்கினால் வயிற்றுக்கும் போகும் என்றார்.

அக்குளில் செலோடேப்பை ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மலசீசியா. ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நாய்த் தோலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதானாம்; ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் பெருகிவிடும் என்றார். எண்ணெய் என்றதும் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதித் தந்தது 200 மில்லி ஷாம்பு. கிருமிநாசினி குளோர்ஹெக்சிடின் 2%, பூஞ்சைக்கான மருந்து மைக்கோனசோல் 2%. வாரம் இரண்டு முறை. முதல் குளியலில் வழக்கம்போலத் தேய்த்து உடனே அலசிவிட்டேன். ஒரு பலனும் இல்லை. பாட்டிலின் பின்னால், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், பத்து நிமிடம் ஊறவேண்டும் என்று இருக்கிறது. முன்பக்கம் பெரிதாகப் போட வேண்டிய விஷயம் அது.

பத்து நிமிடம் 26 கிலோவைப் பிடித்து நிறுத்துவது எப்படி? குளியலறைச் சுவர் டைல்ஸில், அவன் வாய் எட்டுகிற உயரத்தில், இரண்டு கரண்டி கெட்டித் தயிரைப் பூசினேன். நக்கிக்கொண்டே நின்றான். நான் மொபைலில் நேரம் வைத்துக்கொண்டு விரலிடுக்கில் தேய்த்தேன். கண்ணிலும் காதுக்குள்ளும் மட்டும் இது போகக்கூடாது. குளித்த பிறகு அக்குளையும் விரலிடுக்கையும் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் நின்றால் பாடுபட்டது வீண்.

நுரை குறைவு, வாசனை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. நுரை வரவில்லையே என்று ஊற்றிக்கொண்டே போனதில் ஐந்து குளியலில் பாட்டில் காலி. இரண்டாவது பாட்டிலில் உடம்பு முழுக்க நன்றாக நனைத்துவிட்டு, ஷாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கித் தேய்த்தேன். எட்டுக் குளியலுக்கு வந்தது. மூடி மட்டும் எப்போதும் ஒழுகுகிறது.

சரி, கேட்டதா? மூன்றாவது வாரம் கட்டில் சத்தம் நின்றது, புளிப்பு வாடையும் போனது. வயிற்றில் முடி முளைக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

ஆனால் அரிப்பு என்றாலே இதை வாங்கிவிடாதீர்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சியால் வருகிற அரிப்பு இதில் போகாது, அதற்கு மருந்தே வேறு. காது மடல் ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டு ஆட்களுக்கும் அரித்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். புண்ணில் நீர் கசிந்தாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ ஷாம்பை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். செலோடேப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது மாதம் இரண்டு முறை போடுகிறேன். குளியலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டாலே ஜிம்மி முதலில் உள்ளே போய்ச் சுவரை நக்கிப் பார்க்கிறான்.