ஃபோரேயின் பவான்: சீரான நடையா, நெகிழும் நடையா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே 1887-இல் எழுதிய பவானை (பவான் என்பது பழைய அரசவை நடனம்) பியானோவில் எடுப்பவர்கள் தயங்குவது, சீராக வாசிப்பதா, வேகத்தை நெகிழ்த்தி வாசிப்பதா என்பதில்தான்.

வேகம்:
சீரான நடை: நிமிடத்துக்கு 84 தட்டு. மெட்டு ஒரே மூச்சில் போகும்.
நெகிழும் நடை: பலர் 60-க்கு இறங்கிவிடுகிறார்கள். நீண்ட வரி துண்டு துண்டாகிறது. இது நடனம் என்பதே மறந்துபோகும்.

தொடுகை:
சீரான நடை: விரல் நுனியே வேலை செய்யும், கை எடை இறங்காது. சுரங்கள் முத்துக் கோத்ததுபோல் தனித்தனியே விழும். பழைய எரார், பிளெயல் பியானோக்களின் இலேசான கட்டைகளில் வளர்ந்த பழக்கம் இது. இன்றைய கனத்த கட்டையில் மென்மையாக வாசிக்கும்போது சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். கட்டையை அடிவரை அழுத்துங்கள்.
நெகிழும் நடை: தோளிலிருந்து எடை இறங்கும். ஒலி செழிக்கும், ஆனால் இடது கை வலது கையை மூழ்கடிக்கும்.

ஒலியை நீட்டும் பெடலில் கவனம் வேண்டும். வாத்தியக்குழு வடிவத்தில் தந்திகளைச் சுண்டி எழுப்பும் ஒலிதான் இங்கே இடது கையில் வருகிறது. முழுப் பெடல் அதைக் கரைத்துவிடும். அரைப் பெடல், அதாவது பாதி மட்டும் மிதிப்பது, போதும்.

பவானுக்குச் சீரான நடைதான். இசையமைப்பாளர் செசார் ஃபிராங்கின் 1884-ஆம் ஆண்டு ‘பிரெலூட், கோரல், ஃபியூக்’ என்ற பியானோ படைப்புக்கு எடையும் நெகிழ்வும் பொருந்தும்.